தூர் எடுத்த கோடை

சித்தூர் வட ஆற்காட்டிலிருந்து பிரிந்து தனி ஜில்லாவானது 1911 ஏப்ரலில். எங்கள் கிணறு அதற்கு முன்பே வெட்டியது. தாத்தாவுக்கு அதில் பெருமை. "ஜில்லாவை விட நம்ம கிணறு மூத்ததுடா" என்பார். 1960-இல் எல்லை மறுபடி மாறியபோது திருத்தணி சென்னை ராஜ்யத்தோடு போனது. நாங்கள் ஆந்திரப் பக்கம் நின்றோம். வீட்டில் தமிழ், சந்தையில் தெலுங்கு, கிணற்றடியில் இரண்டும் என்று வளர்ந்த பிள்ளைகள் நாங்கள். அந்தக் கிணற்றுக்கு வயதாகி, ஊற்று குறைந்து, மூடிவிடலாம் என்று வீட்டில் பேச்சு வந்தது. நைனா ஒரு கோடை முழுவதும் கூடவே நின்று அதை மீட்டார். சித்தூரிலும் திருப்பதியிலும் நல்ல கிணறுகள் கண்ணெதிரே குப்பைக்குழிகளாகி வருவதைப் பார்க்கும்போது அதை எழுதி வைக்கத்தான் வேண்டும் என்று படுகிறது.

சித்தூரிலிருந்து காணிப்பாக்கம் போகிற வழியில், ஒரு சிறிய ஏரிக்குக் கீழ்ப்புறம் எங்கள் நிலம். கிணறு 30 அடி விட்டம், 45 அடி ஆழம். மேலே பதினைந்து அடி மண்ணும் மொரம்பும். அது சரியாமலிருக்க வட்டமாகக் கல்கட்டு. அதற்குக் கீழே கடப்பாரையால் குத்தினால் உதிர்கிற சுக்காம்பாறை. கடைசியில் கருங்கல். தெற்குப் பக்கம் படிகள். கிழக்குப் பக்கம் தாத்தா காலத்துக் கவலை ஓட்டிய சரிவு இருந்தது. மாடுகள் இறங்க இறங்கச் சால் ஏறும். பின்னால் நடந்து மேலேறினால் சால் இறங்கும். நான் பார்த்தது அதன் கடைசி நாட்களைத்தான். பிறகு கிர்லோஸ்கர் ஆயில் இன்ஜின் வந்தது, அதற்குப் பின் கரண்டு மோட்டார்.

மோட்டாரைக் கரையில் வைக்காமல் கிணற்றுக்குள்ளே பாதி ஆழத்தில் ஒரு கல்திட்டில் வைத்திருந்தார்கள். ஏன் என்று சின்ன வயதில் கேட்டிருக்கிறேன். "மோட்டாரு தண்ணியைத் தள்ளுறதுக்குத்தான் சமர்த்து, உறிஞ்சறதுக்கு இல்ல" என்றார் நைனா. பின்னாளில் படித்தபோது அது எவ்வளவு சரி என்று புரிந்தது. பம்பு தண்ணீரை இழுப்பதில்லை. குழாய்க்குள் அழுத்தத்தைக் குறைக்கிறது, வெளிக்காற்றின் அழுத்தம் தண்ணீரை மேலே தள்ளுகிறது. அந்த அழுத்தம் ஏற்றக்கூடிய உயரம் கணக்குப்படி சுமார் 10 மீட்டர். நடைமுறையில் இருபது, இருபத்தைந்து அடி தாண்டினால் பம்பு திணறும். எங்கள் பக்கத்துப் பழைய கிணறுகளில் எல்லாம் உள்ளே ஒரு திட்டும் அதற்கு இறங்கும் படியும் இருப்பதற்குக் காரணம் இதுதான்.

கரும்புக்கும் நெல்லுக்கும் பாய்ச்சி, மாட்டுக்குக் காட்டி, வீட்டுக்கும் எடுத்த கிணறு அது. தை மாதம் ஆலை ஆடி வெல்லம் காய்ச்சுகிற நாட்களில் அண்டா கழுவவும் ஆட்கள் குளிக்கவும் அதே தண்ணீர்தான். 1990-களின் நடுவில் சுருதி குறையத் தொடங்கியது. காலையில் போட்ட மோட்டார் பொழுது சாயும்வரை ஓடிய இடத்தில், மதியத்துக்குள் காற்று இழுத்தது. பிறகு இரண்டு மணி நேரம். 2002-இல் நாடு முழுவதும் மழை பொய்த்தது. எங்கள் ஏரியில் மாடு மேய்ந்தது. அடுத்த ஆண்டும் ஏரிக்குச் சொல்லும்படி வரத்தில்லை. கிணற்றில் முழங்கால் தண்ணீரும் அதற்குக் கீழே கறுப்புச் சேறும்.

மாமா போர் போடச் சொன்னார். ஊரே போர் போட்டுக்கொண்டிருந்த காலம் அது. உள்ளங்கையில் தேங்காயை வைத்துக்கொண்டு வயலில் நடக்கிறவர்களுக்கு நல்ல கிராக்கி. தேங்காய் நிமிர்ந்த இடத்தில் வண்டி வந்து நிற்கும். எங்கள் வடக்கு எல்லைக்கு அப்பால் பக்கத்து நிலத்தார் 600 அடிவரை இறக்கியும் புகைதான் வந்தது. வெள்ளைப் புழுதி எங்கள் வாழைமேல் படிந்து நெடுநாள் இருந்தது. அந்த வீட்டுப் பெண்மணியின் கழுத்தில் அதற்கப்புறம் மஞ்சள் கயிறு மட்டும்தான்.

"அவங்களுக்கு வரலைன்னா நமக்கும் வராதா மாமா?" என்று நான் கேட்டேன்.

நைனா குறுக்கிட்டார். "வந்தாலும் அது எந்தத் தண்ணி? மேல இருக்கறதுதானே கீழ இறங்குது. மொதல்ல இருக்கறதைப் பார்ப்போம்."

அவர் நிலவியல் படித்தவரில்லை. ஆனால் சித்தூர்ப் பாறையை அந்த ஒரு வாக்கியத்தில் சொல்லிவிட்டார். எங்கள் பகுதி பழம்பாறை நிலம். கருங்கல்லும் அதன் வகைப் பாறைகளும். ஆற்றுப்படுகை மணலைப் போல இது தண்ணீரை உடம்பெல்லாம் தாங்காது. மேலே சிதைந்து போன சுக்காம்பாறை அடுக்குதான் சேமிப்பு. அதற்குக் கீழே இருப்பவை வெடிப்புகள், அந்தச் சேமிப்பிலிருந்து ஒழுகுகிற சின்னச் சின்ன வழிகள். திறந்த கிணறு அந்த மேலடுக்கில் உட்கார்ந்து அதன் நீரை வாங்குகிறது. போர்வெல் கீழே போய் வெடிப்பைத் துளைத்து அதே மேலடுக்கை அடியிலிருந்து வடிக்கிறது. சுற்றிலும் பத்துப் போர் விழுந்தால் கிணறு வற்றுவது அதனால்தான். ஆழம் போனால் தனியாக ஒரு கடல் இருக்கிறது என்ற நம்பிக்கை எங்கள் மாவட்டத்தில் எத்தனை குடும்பங்களைக் கடனில் தள்ளியது என்பதை நான் பக்கத்தில் இருந்து பார்த்தவன்.

தூர் எடுப்பதற்கு முன்னால் நைனா செய்த காரியம் ஒன்று உண்டு. பழைய கிணற்றோடு மல்லுக்கட்டுகிற எவரும் அதைச் செய்ய வேண்டும். நோய் கிணற்றிலா, மோட்டாரிலா என்று முதலில் பார்த்தார். ஃபுட்வால்வைக் கழற்றி வெளியே எடுத்தார். அதன் வாரில் கல் சிக்கிக் கிழிந்திருந்தது. உறிஞ்சு குழாயின் ஒரு இணைப்பில் காற்று புகுந்துகொண்டிருந்தது. இரண்டையும் மாற்றியதும் மோட்டார் மூச்சு வாங்காமல் ஓடியது. ஆனாலும் தண்ணீர் சீக்கிரமே தீர்ந்தது. அப்போதுதான் குறை கிணற்றிலும் உண்டு என்று உறுதியானது. இந்தச் சோதனையைச் செய்யாமலே, ஒரு தோல் வாருக்காகக் கிணற்றைக் கைவிட்டவர்கள் இருக்கிறார்கள்.

அடுத்தது அளவு. பாறைச் சுவரில் அடிக்கொரு கோடாகச் சுண்ணாம்பு பூசினார். சாயங்காலம் மோட்டாரைப் போட்டுத் தண்ணீரை அடிவரை இறக்கி நிறுத்துவார். விடிந்ததும் எந்தக் கோட்டில் நிற்கிறது என்று பார்ப்பார். 30 அடி விட்டத்தில் ஓர் அடி நீர் ஏறினால் ஏறத்தாழ 20,000 லிட்டர். எங்கள் கிணறு இரவு முழுவதும் ஒன்றேகால் அடிதான் ஏறியது. நைனா அதைக் காலண்டரின் பின்பக்கத்தில் எழுதி வைத்தார். வேலை முடிந்தபின் எவ்வளவு தேறியது என்று சொல்ல அந்த எண் இல்லாமல் வழியில்லை. இன்றைக்கு ஆயிரம், லட்சம் என்று செலவழித்துக் கிணற்றைச் சீர் செய்கிறவர்களில் பலர் இந்த ஒரு இரவு வேலையைச் செய்வதில்லை என்பது எனக்கு வருத்தமான விஷயம்.

வேலை 2004 சித்திரையில் தொடங்கியது. ஈர மண் சுற்றிலும் ஊறி நிற்கும் மழைக்காலத்தில் கிணற்றை ஒரேயடியாக இறைத்தால், உள்ளே தாங்கிநின்ற நீரின் பலம் போய்க் கல்கட்டு சரிந்து விழும். அதனால் தூர் எடுப்பதற்குக் கோடைதான் காலம். எங்கள் வீட்டு வழக்கப்படி காணிப்பாக்கம் போய்த் தேங்காய் உடைத்துவிட்டு வந்தார்கள்.

காணிப்பாக்கம் வரசித்தி விநாயகர் கதையே ஒரு கிணற்றைச் சீர் செய்த கதைதான். மூன்று சகோதரர்கள், ஒருவருக்குக் கண் தெரியாது, ஒருவருக்குக் காது கேட்காது, ஒருவருக்குப் பேச்சு வராது. சொந்தக் கிணற்றில் ஏற்றம் இறைத்து ஒரு துண்டு நிலத்தை உழுது பிழைத்தார்கள். கிணறு வற்றிப் போயிற்று. ஒருவர் உள்ளே இறங்கி ஆழப்படுத்தத் தோண்டினார். கடப்பாரை கல்லில் பட்டு ரத்தம் பெருகியது. கிணற்று நீரெல்லாம் சிவந்தது. மூவரின் குறையும் நீங்கியது. தோண்டிய இடத்தில் பிள்ளையார் வெளிப்பட்டார். முதலாம் குலோத்துங்க சோழன் கோயில் எடுத்தான் என்றும் 1336-இல் விஜயநகர அரசர்கள் அதைப் பெரிதாக்கினார்கள் என்றும் கோயில் வரலாறு சொல்கிறது. பாஹுதா ஆற்றங்கரையில் இன்றும் மூலவர் நிற்பது கிணற்றுக்குள்ளேதான். அந்த நீரைத்தான் தீர்த்தமாகக் கொடுக்கிறார்கள். வற்றிய கிணற்றில் மறுபடி இறங்கிய உழவர்களின் வேலையை எங்கள் மண் ஒரு கோயிலாகக் கொண்டாடுகிறது. அதை நினைக்கிறபோதெல்லாம் எனக்கு மனம் நிறையும்.

வந்தவர்கள் கிணறு வெட்டுவதிலும் கல் வேலையிலும் தலைமுறை தலைமுறையாகத் தேர்ந்த வட்டெர சமூகத்து ஆட்கள். மேஸ்திரி ஐம்பது தாண்டியவர். கரையில் கிரேனை நிறுத்தி அதன் டீசல் இன்ஜினைக் காற்று கிணற்றை விட்டு விலகி வீசும் பக்கமாகத் திருப்பி வைக்கச் சொன்னார். புகை கிணற்றுக்குள் இறங்கக் கூடாது என்பதில் அவ்வளவு கண்டிப்பு. மிச்சத் தண்ணீரை இறைக்கச் சின்ன மண்ணெண்ணெய்ப் பம்பை உள்ளே இறக்கலாமா என்று மாமா கேட்டபோது அவருக்குக் கோபமே வந்துவிட்டது. "வொத்து சார்! லோபல பொகை உண்ட்டே மனுஷி பதக்கடு" என்றார். உள்ளே புகையிருந்தால் ஆள் பிழைக்க மாட்டான். அது பொய்யில்லை. இன்ஜின் விடுகிற கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது, நிறம் கிடையாது. உள்ளே இருப்பவன் மயங்கி விழுவான். அவனைத் தூக்க இறங்குகிற அண்ணனும் விழுவான். ஒரே கிணற்றில் ஒரே வீட்டு ஆட்கள் இரண்டு மூன்று பேர் போன செய்தி ஒவ்வொரு கோடையிலும் தெலுங்குப் பத்திரிகையிலும் தமிழ்ப் பத்திரிகையிலும் வருகிறது.

முதலில் லாந்தரை இறக்கினார்கள். அடிவரை எரிந்தது. அதோடு அவர் விடவில்லை. விளக்கு எரிந்தால் பிராணவாயு இருக்கிறது என்று மட்டும்தான் பொருள். நச்சுக்காற்று இல்லை என்று பொருளில்லை. கரியமில வாயு கனமானது, அடியில் தங்கும். சேற்றைக் கிளறினால் அழுகல் வாயு புதிதாகக் கிளம்பும். ஆகவே வேப்பந்தழைக் கட்டைக் கயிற்றில் கட்டி மேலும் கீழுமாக வெகுநேரம் வீசி, குடம் குடமாகத் தண்ணீரை மேலிருந்து இறைத்துக் காற்றைக் கலைத்தார்கள். இறங்கியவன் இடுப்பில் கயிறு. அதன் மறுமுனை கரையில் இரண்டு பேர் கையில். இன்று இதற்கு மின்விசிறிக் குழாயும் வாயு அளக்கும் கருவியும் இருக்கின்றன. வாடகைக்குக்கூடக் கிடைக்கின்றன. அவை வந்த பிறகும் தழையையும் லாந்தரையும் மட்டும் நம்பி ஒருவரை இறக்குவதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

சேறு வரத் தொடங்கியது. வாளி வாளியாகக் கறுப்பாக, நாற்றத்தோடு. அதில் தேங்காய் மட்டை, செருப்பு, பிளாஸ்டிக் குடம், பழைய ஃபுட்வால்வு, பம்பரம், ஒரு பித்தளைச் சொம்பு. சொம்பைப் பார்த்ததும் ஆயா கையை நீட்டி வாங்கிக்கொண்டாள். எப்போது விழுந்தது, யார் கை தவறியது என்று அவளுக்குத் தெரிந்திருந்தது. மேஸ்திரி ஒரு வாளிச் சேற்றைக் கரும்பு வயலில் பரப்பச் சொன்னார். நல்ல வண்டல், எருவுக்குச் சமம். பிளாஸ்டிக்கைப் பொறுக்கிப் போட்டுவிட்டு மீதியை வயலுக்கே கொடுத்தோம். மொத்தம் எட்டடிக்கு மேல் தூர். எங்கள் 45 அடிக் கிணறு இத்தனை காலமாக 37 அடிக் கிணறாகத்தான் வேலை செய்துகொண்டிருந்தது. அந்த எட்டடியும் கருங்கல்லில், தண்ணீர் வரும் இடம்.

அடிப்பாறை தெரிந்த அன்று கிணற்றைச் சுற்றி ஊரே நின்றது. மேஸ்திரி உள்ளே இறங்கித் தடவித் தடவிப் பார்த்தார். வடமேற்கு மூலையில் கையகலத்துக்கு ஒரு பிளவு, களிமண்ணால் அடைந்து கிடந்தது. அதற்குக் கொஞ்சம் மேலே வெள்ளைப் படிவு. தண்ணீரில் கரைந்து வந்த சுண்ணாம்பு வாயிலேயே உறைந்து பூசினாற்போல் இருந்தது. தெற்கே ஆலவேர் ஒன்று பாறை இடுக்கில் புகுந்து ஊற்றையே குடித்துக்கொண்டிருந்தது. ஊற்றுக்கண் அடைவது என்று நாம் சொல்வது இவை மூன்றும்தான்: களிமண், உப்புப் படிவு, வேர். மெல்லிய கடப்பாரையால் பிளவைக் கிளறி, கம்பித் துடைப்பத்தால் தேய்த்து, மேலிருந்து குழாய் விட்டுத் தண்ணீரைப் பீய்ச்சினார்கள். கலங்கலாக ஒழுகியது. வெகுநேரம் ஒழுகியது. பிறகு தெளிந்தது.

"ஊட்ட வஸ்துந்தி!" என்று, ஊற்று வருவதைச் சொல்லிக் கீழிருந்து குரல் வந்தபோது நைனா கரையில் உட்கார்ந்துவிட்டார். அவர் கண் கலங்கி நான் பார்த்தது குறைவு.

வெடி வைக்கலாமா என்ற பேச்சும் வந்தது. மேஸ்திரி மறுத்தார். வெடித்தால் ஊற்று திறக்கலாம், இருக்கிற வெடிப்பு நொறுங்கி அடைபடவும் செய்யலாம்; பழைய கல்கட்டு அதிர்ச்சியைத் தாங்காது. அதற்குப் பதிலாகச் சைடு போர் போட்டார்கள். தமிழ்நாட்டுப் பக்கத்திலிருந்து மெஷினோடு வந்த ஆட்கள், கிணற்றின் அடியில் நின்று பாறைக்குள் படுக்கைவாட்டில் துளைத்தார்கள். இதன் சூட்சுமம் எளிது. எங்கள் பாறையில் பல வெடிப்புகள் செங்குத்தாக நிற்பவை. மேலிருந்து போகிற துளை அவற்றுக்கு இணையாகவே நழுவிப் போய்விடலாம், படுக்கையாகப் போகிற துளை ஒன்றன்பின் ஒன்றாக அவற்றைக் குறுக்கே வெட்டும். ஏரி இருக்கும் மேற்குப் பக்கம் நோக்கிப் போட்ட துளையில் ஈரப்பாறைத் தூள் வந்து, அப்புறம் கட்டைவிரல் கனத்தில் நீர் வந்தது. வடக்கே போட நைனா சம்மதிக்கவில்லை. அந்தப் பக்கம் அடுத்தவர் கிணறு. நம் துளை அவர் நிலத்துக்கு அடியில் போய் அவர் ஊற்றை வாங்கினால் அது திருட்டுத்தான் என்றார். சைடு போரால் கோர்ட்டு வரை போன பங்காளிகளை எனக்குத் தெரியும்.

கல்கட்டு விஷயத்தில்தான் வீட்டில் பெரிய வாக்குவாதம். இரண்டு இடங்களில் கல் பிதுங்கி நின்றது. முழுக்கச் சிமெண்ட் பூசிவிட்டால் நூறு வருஷத்துக்குக் கவலையில்லை என்றார் கொத்தனார். ஆயா விடவில்லை. "மூச்சு விடற வாயெல்லாம் அடைச்சிட்டா அது கிணறா, தொட்டியா?" என்று கேட்டாள். அவள் சொன்னபடியே நடந்தது. கல்லிடுக்கில் புகுந்த வேர்களைப் பிடுங்காமல் வெட்டி எடுத்து, பிதுங்கிய கல்லை இறக்கி, மறுபடி சாந்தில்லாமல் அடுக்கினார்கள். இடையிடையே நீர் வர வாய் விட்டார்கள். மேலே ஐந்தடிக்கு மட்டும் சிமெண்ட் பூசி, கரையில் இடுப்புயரச் சுவர் எழுப்பி, சுற்றிலும் வெளிப்புறம் சாயும்படி தளம் போட்டார்கள். மேலிருந்து அழுக்கு நீர் இறங்கக் கூடாது, பக்கத்திலிருந்து நல்ல நீர் வரத் தடை கூடாது. கிணற்றுக் கட்டுமானத்தின் இலக்கணம் முழுவதும் இவ்வளவுதான் என்று நினைக்கிறேன்.

குடிக்கிற கிணறானதால் பிளீச்சிங் பவுடர் போட்டோம். நல்ல பவுடராக இருந்தால் 1,000 லிட்டருக்கு 2.5 கிராம் என்பது சுகாதாரத் துறைக் கணக்கு. எங்கள் கிணற்றில் பத்தடி நீர் நின்றால் இரண்டு லட்சம் லிட்டர், அதற்கு அரைக் கிலோ. வாளியில் கரைத்துத் தெளியவிட்டு, தெளிந்த நீரை மட்டும் கிணற்றுக்குள் இறக்கிக் கலக்க வேண்டும். ஒரு மணி நேரமாவது பொறுக்க வேண்டும். தூர் எடுத்த உடனே போடுகிற முதல் மருந்து இதைவிடப் பல மடங்கு அதிகம். அந்தத் தண்ணீரை இறைத்துக் கொட்டிய பிறகே குடிக்க எடுத்தோம்.

மறுபடியும் இரவு அளவு. சாயங்காலம் இறக்கி நிறுத்தியது விடியும்போது ஐந்தாவது கோட்டைத் தொட்டிருந்தது. லட்சம் லிட்டர். மழை ஒரு சொட்டு விழவில்லை, ஏரி இன்னும் காய்ந்தே கிடந்தது. நான்கு மடங்கு நீர் அந்த நிலத்திலேயே இருந்திருக்கிறது. வரும் வழிதான் அடைத்திருந்தது. மாமா ஒன்றும் சொல்லாமல் அந்தக் கோட்டையே பார்த்துக்கொண்டு நின்றார்.

அதே ஆண்டு மே மாதம் ஆந்திரத்தில் ஆட்சி மாறியது. ராஜசேகர ரெட்டி முதல்வராகப் பதவியேற்றதும் முதல் கையெழுத்தை விவசாயத்துக்கு இலவச மின்சாரக் கோப்பில் போட்டார். பாக்கி பில்லைக் கண்டு பயந்து கிடந்த உழவனுக்கு அது பெரிய ஆறுதல்; அதைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. ஆனால் கரண்டுக்குக் காசில்லை என்றானதும் மோட்டாரை நிறுத்துகிற கை குறைந்துவிட்டது. புதிதாகக் கிணறோ போரோ போட அனுமதி வேண்டும், இருப்பதைப் பதிய வேண்டும் என்று 2002-லேயே ஆந்திரத்தில் நீர், நிலம், மரங்களுக்கான வால்டா சட்டம் வந்திருந்தது. எங்கள் பக்கத்தில் அதன் பெயரை எல்லாரும் அறிவார்கள். அதைக் கேட்டு வண்டியைத் திருப்பி அனுப்பிய வீடு எனக்குத் தெரிந்து இல்லை. நைனா தன் வீட்டுக்கு ஒரு சட்டம் போட்டார். இரவில் ஐந்தடி ஊறினால் பகலில் நான்கடிக்கு மேல் இறைக்கக் கூடாது. கரும்பைக் குறைத்து மா வைத்தார். பேராசை பிடித்த மோட்டாருக்கு எந்தத் தூர்வாரலும் ஈடு கொடுக்காது.

திருப்பதியில் அத்தை வீட்டுக் கிணற்றுக்கு இந்த யோகம் வாய்க்கவில்லை. கோவிந்தராஜ சுவாமி கோயிலுக்குச் சற்றுத் தள்ளி, பழைய வீடு. பின்கட்டில் உறைக்கிணறு, ராட்டினம், துவைக்கிற கல். நாங்கள் மலைக்குப் போகிறபோதெல்லாம் அங்கே தங்கி அந்தத் தண்ணீரில்தான் குளித்தோம். ஊர் பெருத்தது. கல்யாணி அணைத் தண்ணீர் வந்தது, பின்னால் தெலுங்கு கங்கைத் தண்ணீர் வந்தது, தெருவுக்குத் தெரு போர் வந்தது. கிணறு வற்றியதும் வீட்டை இடித்துக் கட்டியவர்கள் இடிபாட்டையே அதில் கொட்டி மூடிவிட்டார்கள். இப்போது அந்த இடத்தில் இருசக்கர வண்டிகள் நிற்கின்றன. அந்தத் தெருவில் இப்படிப் போன கிணறு அது ஒன்று மட்டுமல்ல.

2021 நவம்பர் மழையை அந்த ஊர் மறக்காது. சுவர்ணமுகி கரைபுரண்டது, மலைப்பாதை மூடியது, ராயலசெருவுக் கரை கசிய, கீழேயுள்ள ஊர்ச்சனங்களை வெளியேற்றினார்கள். அந்த நாட்களில் திருப்பதியில் ஒரு வீட்டில், சிமெண்ட் உறைகளை இறக்கித் தரைக்குள் கட்டியிருந்த தண்ணீர்த் தொட்டி, அதைக் கழுவ ஒரு பெண்மணி உள்ளே இறங்கியிருந்தபோதே தரைக்கு மேலே எழும்பி நின்றது. நல்லவேளை, அவர் உயிர் தப்பினார். தெய்வச் செயல் என்று பார்க்கக் கூட்டம் கூடியது. நிலத்தடி நீர் தரைமட்டம் வரை ஏறியிருந்தது. உள்ளே காலி, சுற்றிலும் அடைப்பு. படகைப் போல மிதந்துவிட்டது. ஆயா கல்கட்டில் விடச் சொன்ன வாய்கள் அப்போது என் நினைவுக்கு வந்தன. திறந்த கிணறு அந்த நீரை உள்ளே வாங்கிக்கொண்டிருக்கும். மூடிய கிணறுகளெல்லாம் உயிரோடு இருந்திருந்தால் அந்தத் தெருக்களில் முழங்காலளவு நின்ற நீரில் கொஞ்சமாவது, நிலம் நிறைவதற்கு முன்பே பூமிக்குள் போயிருக்கும் என்பது என் எண்ணம்.

எங்கள் ஏரி அந்த மாதம் நிரம்பி வழிந்து கோடி போனது. கிணற்றில் கையால் மொள்ளும்படி நீர். அதற்கு முன்பே நைனா வயலின் தாழ்ந்த மூலையிலிருந்து கிணற்றுக்கு ஒரு வழி செய்து வைத்திருந்தார். நேராக விட்டால் சேறும் பூச்சிமருந்தும் சேர்ந்து இறங்கும். ஆகவே முதலில் ஒரு வண்டல் குழி. அடுத்து உடைகல், ஜல்லி, மணல் அடுக்கிய ஒரு குழி. அதைத் தாண்டித்தான் கிணறு. எங்கள் பக்கம் ஆண்டுக்குச் சுமார் 900 மில்லிமீட்டர் மழை. ஓர் ஏக்கரில் விழுகிற அத்தனையையும் கூட்டினால் 36 லட்சம் லிட்டர் வரும். பாதிக்கு மேல் வெயிலுக்கும் பயிருக்கும் போனாலும், மீதியில் ஒரு பங்கைப் பிடித்தால் கிணற்றுக்குப் போதும். அந்த வடிகுழி மணலை இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை அள்ளிக் கழுவிப் போட வேண்டும். அதைச் செய்யாமல் விட்ட குழிகள் ஊர் முழுக்கப் புல் முளைத்துக் கிடக்கின்றன.

நைனா இப்போது இல்லை. கிணறு இருக்கிறது, இந்தக் கோடையிலும் இரவுக்கு நான்கடி ஊறுகிறது. அவர் காலண்டரில் எழுதிய எண்களுக்குக் கீழே தம்பி எழுதிக்கொண்டு வருகிறான்.

உங்கள் வீட்டுக் கொல்லையிலோ நிலத்திலோ பழைய கிணறு ஒன்று இருந்தால், இடிபாட்டை அதில் கொட்டாதீர்கள். வாய்க்கு இரும்பு வலை போடுங்கள். போர் வண்டியைக் கூப்பிடுவதற்கு முன் ஒரு இரவு எவ்வளவு ஊறுகிறது என்று அளந்து எழுதுங்கள். வைகாசிக்குள் தெரிந்த ஆட்களை வைத்துத் தூர் எடுங்கள். காற்றைச் சோதிக்காமல், இடுப்பில் கயிறு கட்டாமல், கரையில் ஆள் நிறுத்தாமல் எவரையும், கூலிக்கு வந்தவரானாலும் சொந்தப் பிள்ளையானாலும், உள்ளே இறக்காதீர்கள்.